எதிர்வீட்டில் வலித்த கால்

2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, டெக்சஸ் மாநிலம் கேட்டியில், கோபாலசாமி தம் வீட்டுச் சாமி அறையில் ஒரு குண்டூசியை மிதித்தார். எதிர்வீட்டில் சர்ச்சுக்குக் கிளம்பி டை கட்டிக்கொண்டிருந்த டேல் ஹட்சின்ஸ் "ஐயோ, அம்மா!" என்று அலறினார். டேலுக்குத் தமிழ் தெரியாது. அன்றைய வெயில் நூற்றியொரு டிகிரி, பெட்ரோல் காலன் ஒன்றரை டாலர். புதுச்சட்டையின் அட்டையிலிருந்து விழுந்த அந்த ஊசி, கோபாலசாமியின் இடது பாதத்தில் கட்டைவிரலுக்குக் கீழே முழுசாக இறங்கிவிட்டது. வெள்ளைக் கொண்டை மட்டும் வெளியே நின்றது. அவர் அந்தக் காலோடேயே சூடம் காட்டி, நான்கு இட்லி சாப்பிட்டு, பேப்பர் எடுக்க வாசலுக்குப் போய் வந்து, மத்தியானம் சோபாவில் கால் நீட்டியபோது மனைவி புஷ்பவல்லிதான் அதைப் பார்த்தாள். அவள் பிடுங்கிய கணத்தில் எதிர்வீட்டிலிருந்து இன்னொரு "அம்மா" கேட்டது.

டேல் ஹட்சின்ஸ் பள்ளிக்கூட பஸ்களுக்கு வழித்தடம் போட்டுக் கொடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். அந்தக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அடுத்த வீட்டுப் புல் எத்தனை அங்குலம் என்று அளப்பதை ஒரு தவமாகச் செய்துவந்தார். முந்தைய பொங்கலன்று கோபாலசாமி வீட்டு வாசலில் இருபத்து நான்கு ஜோடிச் செருப்புகள் கிடந்ததைப் படம் பிடித்து, "வீட்டு முகப்பில் காலணிகளைக் குவிக்கலாகாது" என்று நோட்டீஸ் அனுப்பியவரும் அவரே. அதிலிருந்து இரு வீட்டுக்கும் பேச்சு இல்லை. தமக்கென்று ஏதாவது வலி வந்தால், சுத்தியல் விரலில் பட்டால், அவர் "லார்ட் ஹேவ் மெர்சி!" என்றுதான் கத்துவார். தெரு முழுக்க அதைக் கேட்டிருக்கிறது. ஆகையால் இந்த "அம்மா" யாருடையது என்ற கேள்வி நியாயமாகவே எழுந்தது.

கோபாலசாமிக்கு வேலை, எண்ணெய்க் குழாய்களில் துரு எங்கே தின்கிறது என்று கண்டுபிடிப்பது. கோவில்பட்டியிலிருந்து புறப்பட்டு, குவைத்தில் எட்டு வருஷம், டெக்சஸில் பதினெட்டு வருஷம் குழாய்களோடு வாழ்ந்தவர். "குழாய் வாயத் திறந்து சொல்லாது. நாமதான் போய்ப் பாக்கணும்" என்று புதிதாகச் சேருகிற இன்ஜினியர்களிடம் சொல்லுவார். அவர் போய்ப் பார்க்காத ஒரே குழாய் அவருடைய கால்தான். சர்க்கரை வந்து பதினான்கு வருஷம் ஆகியிருந்தது. 2001லேயே இடது கால் பேச்சை நிறுத்திவிட்டது. தபால் பெட்டிவரை போய்த் திரும்பும்போது ஒரு கால் செருப்பு நடுரோட்டில் கிடக்கும். அவர் அது தெரியாமல் உள்ளே வந்து காபி கேட்பார். ஊருக்குத்தான் உபதேசம்.

அந்த இலையுதிர் காலம் முழுக்க டேல் அலறினார். கோபாலசாமி மேசைக் காலில் இடித்துக்கொண்டால் டேல் தபால்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டார். கோபாலசாமி சுடுதண்ணீரில் கால் ஊறவைத்த அன்று டேல் சர்ச்சில் பாடிக்கொண்டிருந்தவர் பாட்டை விட்டுவிட்டு வெளியே ஓடினார். மூன்று டாக்டர்கள் அவர் காலைப் படம் எடுத்து, அறுபத்தெட்டு வயதுக்கு இவ்வளவு நல்ல கால் பார்த்ததில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். விஷயத்தைக் கண்டுபிடித்தவள் புஷ்பவல்லி. தீபாவளிக்கு மறுநாள் மத்தியானம், கணவர் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே டேல் புல் வெட்டிக்கொண்டிருந்தார். அவள் கணவரின் பாதத்தில் நகத்தால் அழுத்திக் கிள்ளினாள். டேல் துள்ளினார். மறுபடி கிள்ளினாள். மறுபடி துள்ளினார். மூன்றாம் முறை கிள்ளவேண்டிய அவசியமே இல்லை. ஆனால் செருப்பு நோட்டீஸ் அனுப்பியவர் அவர்தானே.

பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். அவளுக்கு ஆச்சரியம் பெரிதாக இல்லை, மனத்தாங்கல்தான் பெரிதாக இருந்தது. முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவள். அவருக்குக் காய்ச்சல் வந்தால் இவளுக்கு வாய் கசந்திருக்கிறது. அப்படிப்பட்ட மனுஷருடைய வலி உடம்பை விட்டுக் கிளம்பினால் முதலில் யாரிடம் வந்திருக்க வேண்டும்? அது இவளைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ரோட்டைக் கடந்து, புல் அளக்கிற ஒருவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். கேட்டியில் அது எதிர்வீட்டுக்காரருக்கு வந்தால்தான் தெரியும் என்று ஆகிவிட்டது.

இருந்தாலும் நியாயம் நியாயம்தான். மறுநாள் ஒரு டப்பா முறுக்கோடும் கணவரோடும் எதிர்வீட்டுக்குப் போய், நடந்ததை அவள் இங்கிலீஷில் சொல்லி, ஒரு தடவை கிள்ளியும் காட்டினாள். டேல் கொஞ்ச நேரம் தம் காலையும் கோபாலசாமியின் காலையும் மாறி மாறிப் பார்த்தார். பஸ் தடம் மாறி வேறு ஊருக்குப் போய்விடுவதை நாற்பது வருஷம் பார்த்தவருக்கு வலி தடம் மாறியது அப்படி ஒன்றும் நம்ப முடியாததாக இல்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இந்த மனிதர் ஏன் ஷூ போடுவதில்லை?

பாதங்களுக்கென்றே படித்த டாக்டர் ஆஸிபா, கீழக்கரைக் குடும்பத்துப் பெண். தன் ஆஸ்பத்திரி அறையில் கோபாலசாமியைக் கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை ஒன்றைப் பாதத்தில் பத்து இடத்தில் ஒற்றிப் பார்த்தாள். கோபாலசாமி பரீட்சை என்றால் தோற்றுப் பழக்கமில்லாதவர். ஆகவே ஒரு குத்துமதிப்பாக "தெரியுது, தெரியுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் கையை எடுத்த பிறகும் இரண்டு தடவை தெரிந்தது என்றார். ஸ்பீக்கர் போனில் இருந்த டேல், தம் வீட்டு நாற்காலியிலிருந்தபடி, கட்டைவிரல், குதிகால், சுண்டுவிரலுக்குக் கீழே என்று பத்தையும் சரியாகச் சொன்னார். ஆஸிபா குறிப்பேட்டில் "உணர்ச்சி உண்டு, எதிர்வீட்டில்" என்று எழுதிக்கொண்டாள்.

"அங்கிள், இனிமே வெறுங்காலோட நடக்கவே கூடாது. வீட்டுக்குள்ளயும் ஷூ. போடறதுக்கு முன்னாடி உள்ள கைய விட்டு செக் பண்ணணும். வெள்ளை சாக்ஸ் போடுங்க, ரத்தம் பட்டா தெரியும். டெய்லி கண்ணாடி வச்சு அடிப்பாதத்தப் பாக்கணும்."

"வீட்டுக்குள்ள ஷூவா? சாமி ரூமுக்கும் ஷூ போட்டுட்டுப் போகச் சொல்லுவீங்களாம்மா?"

"சாமிக்கு எக்ஸ்ப்ளெய்ன் பண்ணிக்கலாம் அங்கிள். புண்ணு வந்தா அதுக்கு எக்ஸ்ப்ளெய்ன் பண்ண முடியாது."

கோபாலசாமி தலையாட்டிவிட்டு வந்து, வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனார். அடுத்த ஒரு வருஷத்தில் டேல் நாற்பத்தோரு முறை அலறியதாகச் சங்கத்தின் குறிப்பில் இருக்கிறது. 2005 ஜனவரிக் கூட்டத்தில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்: இன்ன கதவிலக்க வீட்டில் கோபாலசாமி என்பவர் தம் வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடமாடலாகாது. வீட்டுக்கு ஒரு ஓட்டு. அறுபத்து நான்கு வீடுகளும் ஆதரித்தன. கோபாலசாமி வீட்டு ஓட்டைப் போட்டவள் புஷ்பவல்லி. வாசலில் செருப்பைக் கழற்றக்கூடாது என்று சொன்ன அதே சங்கம் இப்போது உள்ளேயும் கழற்றக்கூடாது என்றதும் கோபாலசாமிக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அந்த ஒரு வாரத்தில்தான் அவர் ஒரு வேண்டுதல் வைத்துக்கொண்டார்: என் காலுக்கு உணர்ச்சியைத் திருப்பிக் கொடு, நூற்றியெட்டு சுற்று சுற்றுகிறேன்.

கோயில் நாற்பது மைல் தள்ளி இருந்தது. சுற்றுப் பிரகாரம் சிமென்ட் தளம். ஜூலை மாதம் இரண்டாவது சனிக்கிழமை, ஏ.சி.க்கு ஃபில்டர் வாங்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு அவர் கோயிலுக்குப் போய், பதினொன்றரை மணிக்கு முதல் சுற்றைத் தொடங்கினார். பிரகாரத்தில் வேறு யாரும் இல்லை. உணர்ச்சி உள்ள கால்காரர்கள் எல்லாரும் உள்ளே இருந்தார்கள். அதே நேரம் சர்ச் பிக்னிக்கில் பரிமாறிக்கொண்டிருந்த டேல், கையிலிருந்த உருளைக்கிழங்குத் தட்டைப் போட்டுவிட்டு, "காந்துது! காந்துது!" என்று புல்லில் உருண்டார். ஆளாளுக்கு ஓடிவந்து ஐஸ் டீயை அவர் காலில் ஊற்றினார்கள். என்ன ஊற்றி என்ன, அது அவர் கால் இல்லையே. அவர் உருண்டபடியே செல்போனை எடுத்துப் புஷ்பவல்லியைக் கூப்பிட்டு, உன் புருஷன் எந்த அடுப்பில் நிற்கிறார் என்று கேட்டார்.

அவள் ஒரு கணத்தில் புரிந்துகொண்டாள். வேண்டுதல் வைக்கிற மனுஷர் சாமி அறையில் எத்தனை நிமிஷம் நிற்பார் என்று அவளுக்குத் தெரியும். ஃப்ரீவேயில் அதுவரை போகாத வேகத்தில் போய் அவள் கோயிலை அடைந்தபோது அவர் அறுபத்தோராவது சுற்றில் இருந்தார். முகத்தில் நல்ல பக்தி, சூடு தெரிகிற வலது காலில் மட்டும் இரண்டு சாக்ஸ். பின்னால் சிமென்டில் ஈரமாக ஒரு கால் தடம் மட்டும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. முதல் தோசை கல்லில் ஒட்டிக்கொள்வதுபோல இடது பாதத்தின் தோல் தரையோடு போயிருந்தது.

"இன்னும் நாப்பத்தேழுதான் புஷ்பா, முடிச்சிட்டு வந்துர்றேன்" என்றார்.

"உங்களுக்கு வலிக்கல. சரி. எனக்கும் வலிக்கல, அந்தக் கொடுப்பினை எனக்கு இல்ல. அங்க ஒரு மனுசன் புல்லுல உருண்டுக்கிட்டுக் கெடக்காரு. கால் திரும்பி வரணும்னு காலையே வச்சா வேண்டுவாங்க? எனக்கு நீங்க ரெண்டு காலோட வேணும். சாமி கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

கோயில் வாசலில் நின்று அவள் இதைச் சொன்னாள். உள்ளே இருந்த சாமி எதுவும் கேட்கவில்லை. கோபாலசாமி காரில் ஏறினார். ஆனால் பிடிவாதம் அவ்வளவு சீக்கிரம் ஆறுவதா? மூன்று நாள் அவர் மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் பூசி, மேலே சாக்ஸை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போனார். நான்காம் நாள் டேல், கையில் ஊன்றுகோலோடு தெருவைக் கடந்து வந்து, அவரைத் தம் பிக்கப் வண்டியில் ஏற்றி ஆஸிபாவிடம் கொண்டுபோய் இறக்கினார்.

அதற்குள் தீப்புண்ணெல்லாம் ஆறத் தொடங்கியிருந்தாலும், பழைய குண்டூசி இறங்கிய இடத்தில் ஒரு குழி விழுந்துவிட்டது. அதைக் கழுவி, செத்த தோலைக் கத்தியால் சீவி எடுக்கவேண்டும் என்றாள் ஆஸிபா. இப்படிப்பட்ட காலுக்கு மரப்பு ஊசி தேவையில்லை என்பது வைத்திய நூல். அந்தக் காலின் வலி அருகே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறதே என்று அவள் இன்சூரன்ஸுக்கு எழுதிக் கேட்டாள். கோபாலசாமியின் இன்சூரன்ஸ், வலிப்பவர் எங்கள் ஆள் இல்லை என்றது. டேலின் இன்சூரன்ஸ், வலிக்கிற கால் எங்களுடையது இல்லை என்றது. கடைசியில் ஆஸிபா யாரையும் கேட்காமல் போட்டுவிட்டாள். ஊசி இறங்குகிறவரையாவது வலிக்குமே, அந்த நேரத்துக்குப் புஷ்பவல்லி டேலின் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபாலசாமி கார் விளம்பரம் படித்துக்கொண்டிருந்தார்.

முழங்கால்வரை ஒரு கட்டு. பாதம் தரையில் அழுந்தக் கூடாது. புண் எலும்புக்குப் போய்விட்டால் பாதி பாதத்தை எடுக்கவேண்டி வரும் என்று ஆஸிபா சொன்ன நாளிலிருந்து புஷ்பவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. டேல் தினமும் காலை ஏழு மணிக்கு வந்து, ரிக்ளைனர் சாய்வு நாற்காலிப் பக்கத்தில் உட்கார்ந்து, கால் எப்படி இருக்கிறது என்று கால்காரருக்குச் சொல்லிவிட்டுப் போனார். இங்கிலீஷில் அவருக்கு அதைச் சொல்ல வரவில்லை. நர்ஸ் ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு நம்பர் சொல்லச் சொன்னால் விழித்தார். ஆனால் வலியோடு கூடவே வந்த தமிழ் அவரிடம் இருந்தது. காந்துது, கடுக்குது, குடையுது, சுருக்குங்குது என்று ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் சொன்னார். சாப்பிட்டீங்களா என்று கேட்டால் புரியாது.

அக்டோபர் முதல் திங்கட்கிழமை அவர் படியேறும்போதே முகம் வெளுத்திருந்தது. "விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்றார். கோபாலசாமிக்குக் காய்ச்சல் இல்லை, சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தது, கட்டு பிரிக்கிற தேதி வியாழக்கிழமை. தமக்கு ஒன்றுமே இல்லை என்று அவர் சாதித்தார். ஆனால் சின்ன வயதில் ஒரு கட்டி வந்து அழுத எவருக்கும் அந்தச் சொல் என்னவென்று தெரியும். அது சீழ். புஷ்பவல்லி போனை எடுத்தாள். முதலில் வந்த நர்ஸ் நம்பர் கேட்டாள். புஷ்பவல்லி ஆஸிபாவைக் கூப்பிடச் சொல்லி, டேலிடம் போனைக் கொடுத்தாள். அவர் அந்த ஒரு வாக்கியத்தைத் திரும்பச் சொன்னார். ஆஸிபா, "ஆன்ட்டி, ஒன்பது மணிக்குள்ள இங்க இருக்கணும்" என்றாள். கட்டைப் பிரித்தபோது மேலே புண் நல்ல பிள்ளையாக இருந்தது. உள்ளே சீழ் எலும்பு ஓரமாகச் சுரங்கம் வெட்டிக்கொண்டிருந்தது. அன்றே அறுத்தார்கள். இரண்டாவது விரல் போயிற்று, பாதம் தங்கியது. வியாழக்கிழமைவரை விட்டிருந்தால் முழங்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம் என்றாள் ஆஸிபா.

மயக்கம் தெளிந்ததும் கோபாலசாமி கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தார், பிறகு நாற்காலியில் துவண்டு கிடந்த டேலைப் பார்த்தார். "குழாய் சொல்லாது, நாமதான் பாக்கணும்னு ஊரெல்லாம் சொன்னேன். எனக்கு இவரு வந்து பாத்திருக்காரு" என்று சொல்லிவிட்டு, கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக மனைவி எதிரில் அழுதார். 2006 பிப்ரவரியில் புண் மூடியது. அதன்பின் அவர் வீட்டுக்குள் போட ஒரு ஜோடி, சாமி அறைக்கென்று மஞ்சள் குங்குமம் வைத்துப் பூஜை போட்ட இன்னொரு ஜோடி என்று வாங்கிக்கொண்டார். டேல் தம் கையாலேயே ஒரு செருப்பு அலமாரி செய்து வாசலில் வைத்து, அதற்குச் சங்கத்தின் அனுமதியையும் வாங்கிவிட்டார். இல்லாத அந்த இரண்டாவது விரலில் மழை நாட்களில் டேலுக்கு அரிப்பு எடுத்தது.

2007இல் டேல் மகளோடு இருக்க ஓக்லஹோமாவுக்குப் போனார். ஐந்நூறு மைல் தூரம் வலிக்கு ஒரு தூரமாக இல்லை. ஷூவுக்குள் ஒரு கல் போனால் ஒரு நிமிஷத்தில் போன் வந்துவிடும். 2008இல் புயல் அடித்து ஜன்னல் உடைந்தபோது, கண்ணாடிச் சில்லு ஒன்று ஷூவின் அடியைத் துளைத்து ஏறியதை அவர்தான் அங்கிருந்து சொன்னார். 2009 ஜனவரியில் ஒரு நாள் காலை அவர் விழிக்கவில்லை. மனைவிக்குப் பக்கத்தில் புதைக்க அவரைக் கேட்டிக்குக் கொண்டுவந்தார்கள். சர்ச் வாசலில் கோபாலசாமி மரியாதைக்காகக் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்க்கப் போனார். "கழட்டாதீங்க. அவரு ஒத்துக்க மாட்டாரு" என்றாள் புஷ்பவல்லி. காலைத் தொட்டுக் கும்பிடவேண்டும் என்று அவருக்கு ஆசை. ஆனால் அந்த ஊர்ப் பெட்டியில் கால் பக்கம் மூடியிருக்கும். கால் இருக்கக்கூடிய இடத்தைக் குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டு, மரத்தின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார். ஷூ போட்டபடியே நின்றார்.

அதன்பின் அந்தக் கால் அநாதையாயிற்று. அவர் எதிலாவது இடித்துக்கொண்டால் எந்தத் திசையிலிருந்தும் சத்தம் வரவில்லை. புஷ்பவல்லி பயந்துபோனாள். நாளைக்கு எட்டுத் தடவை கண்ணாடியைப் பிடித்தாள், சாக்ஸைத் திருப்பிப் பார்த்தாள், ஷூவுக்குள் கையை விட்டுத் துழாவினாள். வலி சைனாவுக்குப் போயிருந்தால், பிரேசிலுக்குப் போயிருந்தால், அந்தப் புண்ணியவான் யாருக்குப் போன் செய்வான்? அக்கம்பக்கத்தில் யாராவது "அம்மா" என்றார்களா என்று வீடு வீடாகக் கேட்டு வந்தாள். ஐம்பத்திரண்டு நாள் இப்படிப் போயிற்று.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் இந்தியன் கடையில், "வெண்டைக்காயை ஒடிக்காதீர்கள்" என்ற அட்டைக்குக் கீழே நின்று வெண்டைக்காயின் முனையை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது, இடது காலில் கட்டைவிரலுக்குக் கீழே ஏதோ சுருக்கென்று ஏறியது. "லார்ட் ஹேவ் மெர்சி!" என்று அவள் போட்ட சத்தத்தில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் மூட்டையை நழுவவிட்டார். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. வலி நல்ல வலி. அதைவிட அதிகமாகச் சந்தோஷம் வந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. கூடையைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தாள்.

"இடது ஷூவக் கழட்டிப் பாருங்க. கட்டை விரலுக்குக் கீழ."

"எனக்கு ஒண்ணும் இல்லயே புஷ்பா."

"உங்களுக்கு இருக்காது. கழட்டுங்க."

போனில் அவர் ஷூவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர், ஒரு ஸ்டேபிள் பின், சாதா ஸ்டீல், லேசாகத் துரு இருக்கிறது, தோலில் இன்னும் இறங்கவில்லை என்று ரிப்போர்ட் கொடுத்தார். கொடுத்துவிட்டுத்தான் அவருக்கு உறைத்தது.

"உனக்கா வலிச்சுது?"

"ஆமா."

"ரொம்பவா?"

"எனக்குத்தானே வலிக்குது, நான் பாத்துக்கிடுதேன். நீங்க அதக் குப்பையில போட்டுட்டு ஷூவ மாட்டுங்க" என்று சொல்லி வைத்துவிட்டு, அவள் காலை லேசாக உதறிக்கொண்டு, மீதி வெண்டைக்காயையும் ஒவ்வொன்றாக முனை ஒடித்துப் பார்த்து ஒன்றரை பவுண்டு எடுத்துக்கொண்டாள்.